வெள்ளித் தோட்டு மீமாம்சை

காதுக்குத் தங்கம், காலுக்கு வெள்ளி என்று, எவரும் எழுதி வைக்காமலே தமிழ்நாட்டுக் குடும்பங்களில் எல்லோரும் தலைமுறை தலைமுறையாக அனுஷ்டித்து வருகிற ஒரு சட்டத்தை, கண்காட்சிக் கூடங்களிலும் கைபேசித் திரையிலும் சமீப காலமாக விலைக்குக் கிடைக்கிற, கையால் செய்து கல் பதித்த வெள்ளிக் காதணி என்னும் சின்னஞ்சிறு வஸ்து வெகு நிதானமாக மீறிக்கொண்டிருக்கிறது. இந்த மீறலைக் குறித்து வீட்டுக்கு வீடு வாக்குவாதம் நடக்கிறதே தவிர, கிரமமான சாஸ்திர விசாரணை ஒன்றும் நடந்ததாக நம் கண்ணில் படவில்லை. வாக்குவாதம் என்பது உரத்த குரல் உடையவர் ஜயிப்பதற்காக ஏற்பட்டது. விசாரணையோ, விஷயம், சம்சயம், பூர்வபக்ஷம், சித்தாந்தம் என்னும் படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து ஏறிச் செல்ல வேண்டியது. பெரியோர் இதற்கெல்லாம் இறங்கி வரமாட்டார்கள் என்பதனால், அந்தப் பொறுப்பை நாமே ஏற்றுக்கொள்கிறோம்.

விஷயம் இன்னதென்று முதலில் வரையறுத்துக்கொள்ள வேண்டும். நாட்டிய அரங்கேற்றத்துக்காக வெள்ளியில் செய்து தங்க முலாம் பூசுகிற கோயில் நகை, வெள்ளியாகப் பிறந்தும் தங்கமென்று வேஷம் கட்டுவதால், இந்த விசாரணையினின்றும் நீக்கப்படுகிறது. அச்சில் ஊற்றி ஆயிரக்கணக்கில் வார்த்தெடுக்கிற தோடும், ஒன்றைக் கண்டால் அத்தனையையும் கண்டதாகிவிடுகிற காரணத்தால், நீக்கப்படுகிறது. எஞ்சி நிற்பது, கைவினைஞர் ஒருவர் தகட்டையும் கம்பியையும் வெட்டி வளைத்து, ஊதிப் பற்றவைத்து, அரம் போட்டு, கடைசியில் ஒரு கல்லை இருத்தி முடிக்கிற காதணி ஒன்றே. அதன் உலோகம், 1000 பங்கில் 925 பங்கு வெள்ளியும் மீதி பெரும்பாலும் செம்புமாகிய கலவை. சுத்த வெள்ளியிலேயே செய்தால் என்ன என்று கேட்கிறவர்கள், அப்படிச் செய்த கொக்கியைக் காதில் மாட்டிக்கொண்டு, தலைவழியே சட்டையைக் கழற்றிப் பார்ப்பார்களாயின், அந்த 75 பங்குச் செம்பின் மகிமையை நாம் உபதேசிக்க வேண்டிய அவசியம் இராது.

இவ்வகைக் காதணிகளில் பெரும் பகுதி பிறக்கும் இடம் ஜெய்ப்பூர். 1727-ஆம் ஆண்டில் சவாய் ஜெய் சிங் மன்னர் கோடு போட்டு நிர்மாணித்த அந்நகரத்தின் ஜோஹரி பஜாரையும் அதை ஒட்டிய சந்துகளையும் விட்டுவிட்டுக் கல் வியாபாரத்தைப் பற்றிப் பேச முடியாது. அங்கே வேலை நடக்கிற விதத்தைச் சற்று நின்று கவனிப்பது நமது விசாரணைக்கு உதவும். கல்லின் சுற்றளவுக்கு இசைவாக மெல்லிய வெள்ளிப் பட்டி ஒன்றை வளைத்து, வெண்காரம் தடவி, பொடி வைத்து ஊதி, அடித்தகட்டோடு ஒட்டி, அமிலத்தில் தோய்த்துக் கறை நீக்கி, அரத்தால் தேய்த்து, மெருகும் ஏற்றி, ஆக நெருப்போடும் இரும்போடும் சம்பந்தப்பட்ட காரியங்கள் சகலமும் முடிந்த பிறகுதான், சமையலும் பந்தலும் தயாரான பின்பு வந்து இறங்குகிற மாப்பிள்ளையைப் போல, கல் உள்ளே பிரவேசிக்கிறது. முன்னதாகவே வைத்துவிட்டால் சூட்டில் கல் பிளந்து போகும். பிறகு பட்டியின் விளிம்பை ஒரு சிறிய எஃகுக் கோலால் கல்லின்மீது படியவைக்க வேண்டும். இதிலேதான் கையின் படிப்பு தெரியும். அனுபவமில்லாதவர் ஓரிடத்தில் தொடங்கி வட்டமாக அழுத்திக்கொண்டே போவார். முடிக்கிற இடத்தில் வெள்ளி மடிப்பு விழுந்து துருத்திக்கொண்டு நிற்கும். தேர்ந்தவர் வடக்கே ஒரு தள்ளு, உடனே தெற்கே ஒரு தள்ளு, அப்புறம் கிழக்கு, அப்புறம் மேற்கு என்று எதிரெதிராக அழுத்தி, மூலைகளையும் அதே கிரமத்தில் முடித்து, விளிம்பு முழுவதும் ஒரே சமயத்தில் குனிந்துகொண்டது போலச் செய்துவிடுவார்.

கற்களின் விஷயம் இன்னும் ரசமானது. நம்முடைய பழைய நகைகளில் ராஜ்யபாரம் செய்தவை நவரத்தினங்கள். வைரம், மாணிக்கம், நீலம், மரகதம், புஷ்பராகம், கோமேதகம், வைடூரியம், முத்து, பவளம் என்னும் ஒன்பதுக்கு அப்பால் ஒரு கல் உண்டென்பதை நம் பாட்டிமார் ஒப்புக்கொள்வதில்லை. அந்த ஒன்பதிலும், தென்னாப்பிரிக்காவின் யாகர்ஸ்ஃபோன்டைன் சுரங்கத்தின் பெயரைச் சொல்லி விற்ற ‘புளூ ஜாகர்’ வைரம் ஏழு பதித்த தோடு ஒன்றைத்தான் முழுமனதோடு ஒப்புக்கொள்வார்கள். ஆனால் இந்தப் பட்டியல் எந்த நியாயத்தைக் கொண்டு தயாரிக்கப்பட்டது என்று கனிம சாஸ்திரிகளைக் கேட்டால் அவர்கள் கையை விரிக்கிறார்கள். மாணிக்கமும் நீலமும் குருந்தம் என்னும் ஒரே கனிமத்தின் இரண்டு நிறங்கள். ஒரே குடும்பம் இரண்டு ஆசனங்களைப் பிடித்துக்கொண்டது. மரகதமும் கடல்நீல நிறமுள்ள அக்வாமரீனும் பெரில் என்னும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். மூத்தது சபையில் அமர்ந்திருக்க, இளையது வாசலில் நிற்கிறது. கோமேதகம் கார்னெட் வம்சத்தைச் சேர்ந்தது. அதன் உடன்பிறப்பாகிய சிவப்புக் கார்னெட்டுக்கு அழைப்பு அனுப்பப்படவே இல்லை. செவ்வந்தி நிறத்து அமெதிஸ்ட், பால்போல் வெளிறிய சந்திரகாந்தம், ஆப்கானிஸ்தானத்து பதக்ஷான் மலைகளில் வெட்டுகிற லாபிஸ் லாசுலி, சாம்பல் நிறத்தின் உள்ளே மயில் கழுத்தை ஒளித்து வைத்திருக்கிற லாப்ரடோரைட் ஆகிய எல்லாமே வாசலில் நிற்கிற கூட்டம்தான்.

ஆகவே, காதுக்குத் தகுதியில்லை என்று ஒதுக்கிவைக்கப்பட்ட உலோகமும், பட்டியலில் இடம் பெறாமல் போன கல்லும், ஒன்றுக்கொன்று துணையாகச் சேர்ந்துகொண்டு, தங்கமும் நவரத்தினமும் காலங்காலமாக ஆண்டுவந்த ஸ்தானத்திலேயே போய் அமர்ந்துகொண்டிருக்கின்றன என்பதே இந்த வஸ்துவின் உண்மையான வரலாறு. வீட்டுப் பெரியவர்களின் கோபத்துக்கும் மூலகாரணம் இதுவே என்பது நமது துணிபு.

இடையில் ஒரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். இந்தக் கற்களையெல்லாம் வடநாட்டுப் புதுமை என்று ஒதுக்குகிறவர்கள், கொங்கு நாட்டில் காங்கேயத்தையும் கரூரையும் சுற்றியுள்ள நிலத்தில் சந்திரகாந்தமும் அக்வாமரீனும் அமெதிஸ்டும் இன்றைக்கும் கிடைக்கின்றன என்பதை மறந்துவிடுகிறார்கள். நொய்யல் கரையில் சென்னிமலைக்கு அருகிலுள்ள கொடுமணலை அகழ்ந்தபோது, சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அங்கே கல்லைத் தேய்த்து மணியாக்கிய பட்டறைகள் இருந்ததற்குச் சான்றுகள் அகப்பட்டன. பெரில் கல் இந்தியாவைத் தவிர வேறிடங்களில் கிடைப்பது அரிதென்று ரோமாபுரி பிளினி முதல் நூற்றாண்டிலேயே குறித்து வைத்தார். இப்போதும் காங்கேயத்துக் கச்சாக் கல்லில் ஒரு பகுதி ஜெய்ப்பூருக்குப் போய், அங்கே பட்டை தீட்டப்பெற்று, வெள்ளியில் ஏறிக்கொண்டு, சென்னைக் கண்காட்சியில் ராஜஸ்தானத்துக் கல் என்ற பெயரோடு நம்மிடமே விலைபோகிறது.

இனி சம்சயம்: வெள்ளியைக் காதில் அணியலாமா, கூடாதா? கூடாது என்று வாதிக்கும் முதல் பூர்வபக்ஷி பாட்டி. தங்கம் லக்ஷ்மி, அதைக் காலில் போட்டால் அபசாரம், ஆகவே வெள்ளியைக் காதில் போடக் கூடாது என்பது அவருடைய வாதம். மேலெழுந்தவாரியாகக் கேட்கும்போது இது பாறைபோல் அசையாததாகத் தோன்றினாலும், தர்க்க சாஸ்திரத்தின் முதல் பாடத்தைப் படித்தவனும் இதிலுள்ள ஓட்டையைக் கண்டுகொள்வான். புகை உள்ள இடத்திலெல்லாம் நெருப்பு உண்டு என்பதைக் கொண்டு, நெருப்பு உள்ள இடத்திலெல்லாம் புகை உண்டென்று சாதிக்க முடியாது. பழுக்கக் காய்ச்சிய இரும்பு உருண்டையில் நெருப்பு இருக்கிறது, புகை இல்லை. அவ்வாறே, தங்கம் காலுக்கு இறங்கக் கூடாது என்பதிலிருந்து வெள்ளி காதுக்கு ஏறக் கூடாது என்பது ஒரு நாளும் கிடைக்காது. மேலும், வெள்ளிக் கிண்ணத்தில் குழந்தைக்குப் பால் புகட்டுவதிலும், வெள்ளிக் குங்குமச்சிமிழைப் பூஜையில் வைப்பதிலும், வெள்ளிக் கவசத்தை ஸ்வாமிக்கே சாத்துவதிலும் எந்தத் தோஷத்தையும் காணாத ஒருவர், பேத்தியின் காது மடலில் மாத்திரம் தோஷத்தைக் காண்பாராயின், தோஷம் வெள்ளியில் இல்லை என்பது ஸ்பஷ்டம். நீலகிரித் தோடர் பெண்களும் லம்பாடிப் பெண்களும் வெள்ளியை உடம்பின் எந்தப் பாகத்துக்கும் விலக்கினவர்கள் அல்லர் என்பதையும் இங்கே பிரமாணமாகக் காட்டலாம். பாட்டி அதை ஏற்கமாட்டார் என்பது வேறு விஷயம்.

தர்க்கத்தில் தோற்ற பாட்டி, பிரத்யக்ஷப் பிரமாணத்துக்குத் தாவுகிறார்: வெள்ளி கறுக்கும். இது மறுக்க முடியாத உண்மை. உடம்புச் சூடு அதிகமானால் கொலுசு கறுக்கும் என்று சொல்லி, எண்ணெய் ஸ்நானத்தையும் வெந்தயத்தையும் சிபாரிசு செய்வது நம் வீட்டு வைத்தியம். ஆனால் இரசாயன சாஸ்திரத்தின்படி இங்கே குற்றவாளி சூடு அன்று, கந்தகம். காற்றில் அற்பமாகக் கலந்திருக்கும் ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு கூடி, மேற்பரப்பில் வெள்ளி சல்பைடு என்னும் கருந்திரையை உண்டாக்குகிறது. முட்டை, வெங்காயம், கம்பளி, ரப்பர், தேங்கிய சாக்கடை ஆகிய யாவும் இதற்கு உடந்தை. கூவக்கரைவாசிகள் தங்கள் உடம்பைக் குறை கூறிக்கொள்வது தேவையற்றது.

இவ்விடத்தில், நவீனக் கைவினைஞரின் சூழ்ச்சி ஒன்றையும் வெளியிட வேண்டியிருக்கிறது. எப்படியும் கறுக்கப்போகிற உலோகத்தைத் தாமே முந்திக்கொண்டு கறுக்க வைப்பது அவர் வழக்கம். பொட்டாசியமும் கந்தகமும் சேர்ந்த உப்புக் கரைசலில் முடிந்த காதணியைத் தோய்த்தெடுத்து, மேடான இடங்களை மட்டும் தேய்த்து வெளுப்பாக்கி, பள்ளங்களில் கருமையை நிறுத்திவிடுகிறார். அந்தக் கருமையினால்தான் செதுக்கிய கொடியும் இலையும் கண்ணுக்குப் புலப்படுகின்றன, அதற்காகத்தான் விலையும் கொடுக்கப்படுகிறது. இந்த ரகசியம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருப்பதில்லை. பேத்தி குளிக்கப் போன சமயத்தில், மேஜைமேல் கிடந்த அந்தக் காதணியை எடுத்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒருமுறை பார்த்து, “கரிப்பாத்திரம் மாதிரி இருக்கிறதே, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் குழந்தையை” என்று இரக்கப்பட்டு, சம்புடத்திலிருந்து விபூதியை எடுத்துப் பழைய வேஷ்டித் துணியில் தொட்டு, இலையின் நரம்பு நரம்பாகப் பாட்டி தேய்க்கத் தொடங்குகிறார். அரை மணி நேரத்தில், கைவினைஞர் வைத்த நிழல் முழுவதும் துணிக்கு வந்துவிடுகிறது. “பார்த்தாயாடி, இப்போதுதான் வெள்ளி வெள்ளியாக இருக்கிறது” என்று அவர் நீட்டும்போது, பேத்தி எதுவும் சொல்லாமல் வாங்கி அணிந்துகொள்கிறாள். சாஸ்திரம் எல்லாவற்றுக்கும் விடை சொல்லும். இந்தச் சந்தர்ப்பத்தில் என்ன சொல்வதென்று அதற்கும் தெரியாது.

விபூதியாவது மிருதுவான பொருள். பற்பசையால் தேய்ப்பதும், அலுமினியத் தாளும் சோடா உப்பும் போட்ட வெந்நீரில் முழுக்காட்டுவதும் இப்போது பிரபலமாகி வருகின்றன. பின்னதில் கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குக் குடிபெயர்கிறது என்பது மெய்யானாலும், முத்து, ஓபல், பேரோஜா எனப்படும் டர்காய்ஸ் ஆகியவற்றை இந்த ஸ்நானத்துக்கு உட்படுத்துவது பாபம். துவாரங்கள் நிறைந்த கல் நீரைக் குடித்து நிறம் மாறிவிடும். பிரீட்ரிக் மோஸ் 1812-ல் வகுத்த கடினத்தன்மை அளவில் டர்காய்ஸ் 5-க்கும் 6-க்கும் இடையில் நிற்கிறது, சந்திரகாந்தம் 6 அல்லது சற்று மேல். வீட்டுத் தூசியில் கலந்துள்ள குவார்ட்ஸ் மணலோ 7. அதாவது, தூசி படிந்த கல்லை உலர்ந்த துணியால் அழுத்தித் துடைத்தாலே கீறல் விழும். முதலில் ஊதிவிட்டுப் பிறகு துடைக்க வேண்டும்.

இரண்டாம் பூர்வபக்ஷி அப்பா. அவருக்கு லக்ஷ்மியைப் பற்றியும் கந்தகத்தைப் பற்றியும் கவலை இல்லை, கணக்குத்தான் கவலை.

“எத்தனை கிராம் அம்மா இது?”

“கல்லோடு சேர்த்துப் பதினொன்று, அப்பா.”

“கல்லைக் கழித்தால்?”

“கல்லைக் கழித்தால் அது தோடே இல்லை, அப்பா.”

இந்த மறுமொழியில் ஒரு தத்துவம் முழுவதும் அடங்கியிருந்தும், அப்பா அதைக் கவனிக்காமல், எட்டு கிராம் வெள்ளிக்கு அன்றைய விலையைப் பெருக்கி, கொடுத்த தொகையிலிருந்து கழித்து, மிச்சத்தைச் செய்கூலி என்றும் சேதாரம் என்றும் பகிர்ந்து பார்த்து, எந்தத் தலைப்பிலும் அடங்காமல் ஒரு பெரிய தொகை நிற்பதைக் கண்டு மௌனமாகிவிடுகிறார். தங்க நகையில் விலையைத் தீர்மானிப்பது எடை. கூலி அதற்கு வால். இங்கே கூலியும் கற்பனையுமே உடல், எடைதான் வால். ஒரு முழம் வாலைப் பிடித்துக்கொண்டு மிருகத்தை அளக்க முயன்றால் கணக்கு உதைக்கத்தான் செய்யும். 2025-ஆம் ஆண்டில் வெள்ளி விலை இருமடங்குக்கு மேல் ஏறியபோது இதே அப்பா, அந்தத் தோடு பத்திரமாக இருக்கிறதா என்று ஒருநாள் சாதாரணமாக விசாரித்தார் என்பதையும் பதிவு செய்து வைக்கிறோம்.

ஆபத்துக்கு உதவாத நகை என்னும் குற்றச்சாட்டு சற்றுப் பலமுள்ளது. அடகுக் கடைக்காரர் கல் பதித்த வெள்ளித் தோட்டை விரலால் புரட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தருவதே வழக்கம். எனினும் இந்திய ரிசர்வ் வங்கி 2025-ல் வெளியிட்ட விதிகளில், வெள்ளி நகைகளையும் ஈடாகப் பெற்றுக் கடன் கொடுக்க வழி வகுத்து, ஒருவருக்கு 10 கிலோ என்று உச்சவரம்பும் கட்டியிருக்கிறது. கல்லுக்கு மதிப்புக் கிடையாது, உலோகத்துக்கு மட்டுமே. மேற்படி தோட்டைக் கல் நீக்கி ஜோடி 8 கிராம் என்று கொண்டால், இந்த வரம்பைத் தொடுவதற்கு 1250 ஜோடிகள் வேண்டும். தினம் ஒரு ஜோடி வீதம் அணிந்தாலும், அணிந்ததையே மறுபடி அணிய மூன்று வருஷமும் ஐந்து மாதமும் ஆகும். அந்த நிலையை எய்தியவருக்குக் கடன் தேவைப்பட்டதன் காரணத்தை வங்கி அதிகாரி கேட்க வேண்டிய அவசியமே இராது.

மூன்றாவது ஆக்ஷேபம், இரண்டும் ஒன்றுபோல் இல்லை என்பது. இதைச் சொல்லுகிறவர் பெரும்பாலும் வாங்கிய பெண்ணின் தோழி. இயற்கைக் கல்லில் ஜோடி சேர்ப்பது எவ்வளவு சிரமமென்பது தீட்டுகிறவருக்குத்தான் தெரியும். ஒரே கச்சாக் கல்லை இரண்டாக அறுத்தாலும், லாப்ரடோரைட்டில் ஒரு துண்டு நீலமாகவும் மற்றது பச்சையாகவும் மின்னும். சந்திரகாந்தத்தினுள் இரண்டு வகை ஃபெல்ட்ஸ்பார் மெல்லிய அடுக்குகளாக மாறிமாறிப் படிந்திருப்பதால் அந்த நிலவொளி உண்டாகிறது. அடுக்குக்கு நேராகப் பார்த்துத் தீட்டாமல் சற்றுச் சாய்த்துவிட்டால், ஒளி நடுவில் நில்லாமல் ஓரத்தில் போய் ஒதுங்கிவிடும். இவ்வளவு கஷ்டத்துக்குப் பிறகும் எஞ்சுகிற வித்தியாசத்துக்கு நாம் அளிக்கும் சமாதானம் இது: பக்கத்தில் அமர்ந்திருப்பவருக்கு ஒரு காதுதான் தெரியும்; எதிரில் இருப்பவருக்கு இரண்டும் தெரியுமாயினும், அவற்றின் நடுவே ஒரு முகம் குறுக்கிடுகிறது; முகத்தைத் தாண்டி இரண்டு கற்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பவர் ரத்தின வியாபாரியாகவோ சத்துருவாகவோதான் இருக்க முடியும். அன்றியும், காதுகளே பலருக்கு ஒரே அளவிலும் ஒரே உயரத்திலும் அமைவதில்லை. அவற்றைப் பொறுத்துக்கொண்ட நாம் தோட்டையும் பொறுத்துக்கொள்ளலாம்.

கனத்தைப் பற்றி மட்டும் பூர்வபக்ஷிகளோடு நாமும் சேர்ந்துகொள்கிறோம். கைவினை என்ற பெயரில் தோள் வரை தொங்குகிற சில படைப்புகளைக் கண்டால், தென்பாண்டிச் சீமையில் பாம்படமும் தண்டட்டியும் போட்டுக் காது வளர்த்த கிழவிகளே மலைத்துப் போவார்கள். அவர்கள் சிறு வயது முதல் துளையைச் சிறிது சிறிதாகப் பெருக்கிக் காதைப் பழக்கியவர்கள். பழக்காத காது அறுந்து போகும். மடலில் குருத்தெலும்பு கிடையாது. அறுந்த மடலை ஒட்டவைக்கப் பதினைந்து முறைகளைச் சுசுருதர் தம் சம்ஹிதையில் வகுத்திருக்கிறார் என்றால், அக்காலத்திலும் இந்த விபத்துக்குக் குறைவில்லை என்று அனுமானிக்கலாம்.

சித்தாந்தம் வருமாறு: இந்தக் காதணி சீர்வரிசைக் கணக்கில் சேராது, ஜாதகத்துக்குப் பரிகாரமாகாது, அவசரத்துக்கு விற்க உதவாது, மகளுக்கென்று லாக்கரில் பூட்டி வைக்கவும் ஒருவருக்கும் தோன்றாது. நகைக்கென்று நாம் கற்பித்திருக்கும் உத்தியோகங்கள் அத்தனையும் கழிந்த பின்பு, காதில் அழகாக இருப்பது என்னும் ஒரே உத்தியோகம் இதற்கு மிஞ்சுகிறது. ஆதலால், வீட்டிலுள்ள நகைகளில் நகை என்ற பெயருக்கு முழுப் பாத்தியதை உடையது இதுவே என்றும், வெள்ளியைக் காதில் அணிவது தகும் என்றும் தீர்ப்புக் கூறுகிறோம்.

தீர்ப்போடு ஒரு வேண்டுகோளும் உண்டு. பழைய தோட்டுக்குத் திருகாணி இருந்தது. முடுக்கிவிட்டால் கல்யாணத்தில் போட்டது கடைசி வரைக்கும் கழலாது. இந்தப் புதிய ஜாதியில் பெரும்பாலானவற்றுக்கு வெறும் கொக்கிதான். பஸ்ஸில் ஏறும்போது முந்தானையோ தலைமுடியோ இழுத்தால் ஓசைப்படாமல் நழுவிவிடும். மற்றொன்று செய்து தருமாறு பட்டறையில் கேட்டால் செய்து தருவார்கள், ஆனால் அதே கல் கிடைக்காது. ஆகவே, வாங்கும்போதே கொக்கியின் பின்னால் செருகுகிற சிறிய பிளாஸ்டிக் துண்டுகளில் நாலைந்தை அதிகமாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ரப்பரில் வேண்டாம், அதில் கந்தகம் உண்டு.